ஹெர்-2, டிரிப்பிள் நெகட்டிவ், சி.டி.44: மார்பகப் புற்றுநோய் செல்லின் மார்க்கர்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலான குடும்பங்களில் யாராவது ஒருவர் போனை எடுத்து அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பிக்கிறார். "ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் வீரியமானது", "டிரிப்பிள் நெகட்டிவ் என்றால் மருந்தே கிடையாது", "மார்க்கர் கூடியிருக்கிறது, அப்படியென்றால் பரவிவிட்டது" என்று நாலு வரி கண்ணில் படுகிறது. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. இந்த மூன்றில் முதலாவது பாதி உண்மை, இரண்டாவது தவறு, மூன்றாவது பெரும்பாலும் வேறொரு பரிசோதனையைப் பற்றியது.

குழப்பத்துக்குக் காரணம், மார்க்கரையும் வீரியத்தையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதுதான். மார்க்கர் என்பது அந்த செல்லில் என்ன இருக்கிறது என்ற தகவல். வீரியம் என்பது அந்த செல் எப்படி நடந்துகொள்கிறது என்பது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான தொடர்பு இல்லை. ஒரு மார்க்கர் நோயைத் தானே முன்னின்று வளர்க்கும், இன்னொன்று சும்மா அடையாளமாக நிற்கும், வேறு சில இடங்களில் எந்த மார்க்கரும் இல்லை என்பதே செய்தியாகிவிடும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ரிப்போர்ட் அவ்வளவு மிரட்டாது.

செல்லின் சுவரில் என்ன இருக்கிறது?

ஒரு செல்லை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரில் அழைப்பு மணி இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டிய பொதுச்சுவரும் இருக்கும். செல்லின் வெளிச்சுவர், கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வில் எக்கச்சக்கமான புரதங்கள் செருகிக்கொண்டு, ஒரு பகுதி வெளியே ஒரு பகுதி உள்ளே என்று நிற்கின்றன.

இதில் மணியாக வேலை செய்யும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். வெளியிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் அதன் வெளிப்பகுதியில் ஒட்டும், உடனே அதன் உட்பகுதி "வளர்", "பிரிந்து பெருகு" என்று செல்லுக்குள் தகவல் அனுப்பும். வேறு சில புரதங்கள் பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொள்வதற்காக இருக்கின்றன. இன்னும் சில, நோய் எதிர்ப்பு செல்கள் அந்தப் பக்கம் வரும்போது "நான் இந்த உடம்பைச் சேர்ந்தவன், என்னை விட்டுவிடு" என்று காட்டிக்கொள்வதற்காக.

மார்க்கர் என்று தனியாக ஒரு பொருள் செல்லில் கிடையாது. செல் தன் வேலைக்காக வைத்திருக்கும் ஏதோ ஒரு புரதத்தை நாம் இனங்காணப் பயன்படுத்தும்போது அதை மார்க்கர் என்கிறோம், அவ்வளவுதான். சி.டி.24, சி.டி.44 என்று வரும் எண்கள்கூட வெறும் வரிசை எண்கள். 1980களின் தொடக்கத்தில், ஒரே புரதத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்த ஆய்வகங்கள் கூடிப் பேசிப் பொதுவாக எண் கொடுக்க ஆரம்பித்தன, அந்த வரிசைதான் இன்றும் தொடர்கிறது. எண் பெரிதாக இருந்தால் ஆபத்து அதிகம் என்று அர்த்தமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு மார்க்கரும் நல்ல செல்களிலும் இருப்பதுதான். புற்றுநோய் செல்லில் மாறுவது பெரும்பாலும் அளவு. உதாரணமாக, ஹெர்-2 என்பது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஓர் ஏற்பி, அது இதயத் தசை செல்களுக்கும் தேவைப்படுகிறது. அதனால்தான் ஹெர்-2-ஐ அடக்கும் மருந்து போடும்போது நடுநடுவே எக்கோ எடுத்து இதயத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சுருக்கமாக: செல்லின் வெளிச்சவ்வில் பல வேலைகளுக்கான புரதங்கள் நிற்கின்றன. செய்தி வாங்கி உள்ளே அனுப்புவது ஏற்பி. நாம் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் எதுவும் மார்க்கர்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எல்லாம் சுவரில் இல்லை

இது நிறைய பேர் கவனிக்காத விஷயம். ரிப்போர்ட்டில் வழக்கமாக நான்கு வரி இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, அப்புறம் கே.ஐ.-67. இந்த நான்கில் செல்லின் மேற்பரப்பில் இருப்பது ஹெர்-2 மட்டும்தான்.

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. இந்த இரண்டு ஹார்மோன்களும் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள். வாசலில் நின்று மணி அடிக்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை, சவ்வை ஊடுருவி நேராக உள்ளே போய்விடும். அதனால் அவற்றுக்கான ஏற்பியும் உள்ளே, செல்லின் உட்கருவில் இருக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டியதும் அந்த ஏற்பி டி.என்.ஏ.வின் மேல் போய் உட்கார்ந்து, வளர்ச்சிக்கான மரபணுக்களை இயக்கிவிடும். டமாக்சிஃபென் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து, இன்னும் அசையாமல் நிற்கிறது.

கே.ஐ.-67-உம் உட்கருவில்தான். பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் மட்டும் அது தெரியும், ஓய்வில் இருக்கும் செல்லில் தெரியாது. 100 செல்லில் எத்தனை செல் இப்போது பிரிவதற்கான ஓட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சதவீதம் சொல்கிறது.

உள்ளே, வெளியே என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மருந்து எந்த வழியில் போக வேண்டும் என்பதே இதில் அடங்கியிருக்கிறது. ஆன்டிபாடி என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் தயாரிக்கும், ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டும் புரதம். அது பெரிய மூலக்கூறு, செல்லுக்குள் தானாக நுழையாது. ஆகவே மேற்பரப்பில் இருக்கும் புரதத்தை ஆன்டிபாடியால் வெளியே இருந்தபடியே பிடிக்கலாம். உள்ளே இருப்பதைப் பிடிக்க டமாக்சிஃபென் மாதிரி ஊடுருவும் சின்ன மூலக்கூறு வேண்டும்.

இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பயாப்சியில் எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மிக மெல்லிசாகச் சீவுகிறார்கள். அதன்மேல் அந்தந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றி, அது ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்படி செய்கிறார்கள். இதுதான் ஐ.எச்.சி. பரிசோதனை. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட், ஈ.ஆர்., பி.ஆர். என்றால் எத்தனை சதவீத செல்லின் உட்கரு நிறம் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறார். 1 சதவீதமே இருந்தாலும் பாசிட்டிவ். 1 முதல் 10 சதவீதத்துக்குள் என்றால் அதை "குறைந்த பாசிட்டிவ்" என்று தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டிகளில் பல, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை மாதிரி நடந்துகொள்கின்றன.

ஹெர்-2-க்கு செல்லின் விளிம்பைப் பார்க்க வேண்டும். 0, 1+, 2+, 3+ என்று நான்கு படி. விளிம்பு முழுவதும் அழுத்தமாகப் பழுப்பாகி, அப்படிப்பட்ட செல்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 3+, அதுதான் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். அதை யாராவது "கொஞ்சம் பாசிட்டிவ்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அடுத்து ஃபிஷ் என்ற பரிசோதனை செய்ய வேண்டும், அதில் ஹெர்-2 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று ஒளிரும் புள்ளிகளாக எண்ணிப் பார்ப்பார்கள்.

திசுவை வெளியே எடுத்ததிலிருந்து 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி இருக்கிறது. இதில் பிசகினால் இருக்கும் ஏற்பிகூட இல்லாத மாதிரி தெரியும். ரிப்போர்ட் நோயாளியின் மற்ற விவரங்களோடு ஒத்துப்போகவில்லை என்று டாக்டருக்குத் தோன்றினால் அந்த மெழுகுத் துண்டை இன்னொரு ஆய்வகத்தில் கொடுத்துத் திரும்பப் பார்க்கலாம். கேட்கத் தயங்க வேண்டியதில்லை, இது சாதாரண நடைமுறை.

வீரியம் என்று எதைச் சொல்கிறார்கள்?

மூன்று வேறு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ஸ்டேஜ் என்பது நோய் இதுவரை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு: கட்டியின் அளவு, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள், வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்பது. கிரேடு என்பது மைக்ரோஸ்கோப்பில் அந்த செல்கள் இயல்பான மார்பகச் செல்லிலிருந்து எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதற்கான 1 முதல் 3 வரை மதிப்பெண். துணைவகை என்பது எந்த மார்க்கர் இருக்கிறது, இல்லை என்பதை வைத்துப் பிரிப்பது.

வீரியமான வகை என்றால், சிகிச்சை இல்லாமல் விட்டால் வேகமாக வளரக்கூடிய, சீக்கிரம் பரவக்கூடிய, சிகிச்சைக்குப் பிறகும் ஓரிரு வருடத்திலேயே திரும்பி வரும் வாய்ப்புள்ள வகை. இது ஸ்டேஜைச் சொல்வதில்லை. வீரியமான வகை முதல் ஸ்டேஜில் பிடிபடலாம், மெதுவான வகை மூன்றாம் ஸ்டேஜில் பிடிபடலாம். முதலாமவருக்கு நிலைமை நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 10-க்கு 7 ஈ.ஆர். பாசிட்டிவ். 15 முதல் 20 சதவீதம் ஹெர்-2 பாசிட்டிவ், அதில் ஏறக்குறைய பாதியில் ஈ.ஆர்.-உம் சேர்ந்தே இருக்கும். 10 முதல் 15 சதவீதம் டிரிப்பிள் நெகட்டிவ். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றாலே சாது என்றும் இல்லை. 2000-இல் சார்லஸ் பெரூவும் அவரோடு வேலை செய்தவர்களும் கட்டிகளின் மரபணுச் செயல்பாட்டை மொத்தமாக அளந்து குழு பிரித்ததைத் தொடர்ந்து, ஈ.ஆர். பாசிட்டிவிலேயே மெதுவாகப் போகும் லூமினல் ஏ, வேகமாகப் போகும் லூமினல் பி என்று இரண்டு இருப்பது தெரிய வந்தது.

சுருக்கமாக: ஸ்டேஜ் எவ்வளவு தூரம், கிரேடு எவ்வளவு திரிபு, துணைவகை எந்தப் புரதங்கள். வீரியம் இந்தக் கடைசி இரண்டோடு சேர்ந்து வரும் நடத்தை.

ஹெர்-2: தானே நோயை வளர்க்கும் மார்க்கர்

ஹெர்-2 வளர்ச்சிச் செய்தி வாங்கும் ஏற்பிகளின் குடும்பத்தில் ஒன்று, மொத்தம் நான்கு பேர். இவை தனியாக நின்றால் பேசாது, இரண்டு இரண்டாகச் சேர்ந்தால்தான் உள்ளே தகவல் போகும். மற்ற மூன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு வேதிப்பொருள் வந்து ஒட்டினால்தான் சேரும் வடிவத்துக்குத் திறக்கும். ஹெர்-2-க்கு அப்படி ஒட்டும் பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, அது எப்போதும் திறந்தே, யாரோடு சேரலாம் என்று தயாராகவே நிற்கிறது.

நல்ல செல்லில் இதனால் தொந்தரவு இல்லை, எண்ணிக்கை குறைவு. ஹெர்-2 மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, தாய்வழி ஒன்று தந்தைவழி ஒன்று என்று இரண்டு பிரதி. சில கட்டிகளில் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்பப் பிரதியெடுக்கப்பட்டு பத்து, இருபது என்று பெருகிவிடுகிறது. பிரதிகள் பெருகினால் புரதமும் பெருகும். ஒன்றிரண்டு மணி இருக்க வேண்டிய வாசலில் சுவர் முழுக்க மணி, நெருக்கத்தில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, வெளியே யாரும் வராமலே ஓயாமல் அடிக்கின்றன. உள்ளே இருக்கும் செல்லுக்கு "வளர், பெருகு" என்ற ஒரே செய்திதான் போய்க்கொண்டிருக்கும்.

1987-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய குழுவும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, இந்த மரபணு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்று காட்டினார்கள். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் மோசமான வகை என்று இன்றைக்கும் இணையத்தில் சுற்றும் வாக்கியத்தின் வேர் அங்கே இருக்கிறது. அப்போது அது சரியான வாக்கியம்.

ஆனால் நோயை வளர்ப்பதே இந்த மணிதான் என்றால், அதை அடக்கினால் நோய் அடங்க வேண்டும் இல்லையா? அந்த மணியின் வெளிப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிதான் டிராஸ்டுசுமாப். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது சமிக்ஞையைக் குறைக்கிறது, கூடவே நோய் எதிர்ப்பு செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. பரவிய நோய்க்கு முதலில் கொடுத்தார்கள், அப்புறம் ஆரம்ப நிலையிலேயே ஆபரேஷனுக்குப் பிறகு கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் அந்தப் பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தபோது, நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பிற்பாடு பெர்டுசுமாப் வந்தது, அது ஹெர்-2-இன் வேறொரு பகுதியில் ஒட்டி மற்ற ஏற்பிகளோடு ஜோடி சேரவிடாமல் தடுக்கிறது.

அதாவது, எந்த மார்க்கர் நோயை மோசமாக்கியதோ அதே மார்க்கர்தான் சிகிச்சைக்கான பிடியும் ஆனது. நோயின் இயல்பு மாறவில்லை. இன்றைக்கும் சிகிச்சை இல்லாமல் விட்டால் அது வேகமானதுதான். ஆனால் சரியான சிகிச்சை கிடைத்தால் ஆரம்ப நிலை ஹெர்-2 பாசிட்டிவ் நோயில் பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கிறார்கள். பழைய கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது அழுதுகொண்டிருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. இந்த வகை பரவும்போது மூளைக்குப் போகும் போக்கு அதிகம், பெரிய ஆன்டிபாடிகள் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. அதற்காகத்தான் டுகாடினிப் போன்ற சின்ன மூலக்கூறு மாத்திரைகள் வந்திருக்கின்றன.

அதற்கடுத்த திருப்பம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்தில் ஒவ்வொரு ஆன்டிபாடியின் மேலும் ஏறக்குறைய எட்டு கீமோ மூலக்கூறுகளை ஏற்றியிருக்கிறார்கள். ஆன்டிபாடி ஹெர்-2-இல் ஒட்டியதும் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே போனதும் கீமோ கழன்றுகொள்ளும், அது சவ்வைத் தாண்டிப் பக்கத்து செல்லையும் கொல்லும். இதற்கு ஹெர்-2 நோயை வளர்ப்பதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சுவரில் கொஞ்சமாவது இருந்தால் போதும். 2022-இல் 1+ இருப்பவர்களுக்கும், 2+ ஆகி ஃபிஷ் நெகட்டிவாக வந்தவர்களுக்கும், பரவிய நோயில் இது பலன் தருகிறது என்று நிரூபணமானது. அதுவரை வெறும் "நெகட்டிவ்" என்று இருந்தவர்களில் பெரும் பகுதி அன்றைக்கு "ஹெர்-2 குறைவு" என்ற புதிய பெயருக்குள் வந்தார்கள். அவர்களுடைய கட்டி மாறவில்லை, மருந்து வந்ததால் வகை பிறந்தது. இந்தத் துணைவகைகள் எல்லாம் கல்லில் வெட்டியவை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சுருக்கமாக: ஹெர்-2 அளவுக்கு மீறிப் பெருகினால் அது நோயை வளர்க்கிறது, அதை அடக்கினால் நோய் அடங்குகிறது. கொஞ்சமாக இருந்தால் நோயை வளர்ப்பதில்லை, ஆனாலும் மருந்தை உள்ளே கொண்டுபோக ஒரு வழியாகிறது.

டிரிப்பிள் நெகட்டிவ்: இல்லாமையால் பெயர் பெற்றது

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாதது டிரிப்பிள் நெகட்டிவ். இந்தப் பெயர் அந்த நோய் என்ன என்று சொல்லவில்லை, என்ன இல்லை என்றுதான் சொல்கிறது. மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் இல்லை என்று வந்த எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம், அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. இதில் பெரும்பாலானவை வேகமானவைதான், கிரேடு 3, கே.ஐ.-67 அதிகம். அதே சமயம் சுரப்புப் புற்றுநோய் என்ற அரிய வகை ஒன்று உண்டு, அதிலும் மூன்றும் நெகட்டிவாகத்தான் பெரும்பாலும் வரும், ஆனால் அது பொதுவாக மிக மெதுவாகப் போவது. ஆகவே டிரிப்பிள் நெகட்டிவ் என்ற சொல்லோடு நிறுத்தாமல் திசுவின் வகை என்ன என்று எழுதியிருக்கும் வரியையும் பார்க்க வேண்டும்.

வீரியம் எங்கிருந்து வருகிறது? ஹெர்-2 மாதிரி கைகாட்ட ஒரே ஒரு குற்றவாளி இங்கே இல்லை. பலருடைய கட்டியில் டி.என்.ஏ.வைப் பழுது பார்க்கும் அமைப்பு கெட்டிருக்கிறது. பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணு அந்தப் பழுது பார்க்கும் வேலையைச் செய்வது. பிறப்பிலேயே அதில் கோளாறு உள்ளவர்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை டிரிப்பிள் நெகட்டிவ். அதனால்தான் இந்த வகை வந்தவர்களுக்கு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். கோளாறு இருந்தால் ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் பலன் தரும். ஏற்கெனவே பழுது பார்க்கும் ஒரு வழி அடைபட்ட செல்லில் இன்னொரு வழியையும் அவை அடைத்துவிடுகின்றன.

சரி, மருந்தே கிடையாது என்ற பேச்சு? ஹார்மோன் மாத்திரையும் டிராஸ்டுசுமாபும் வேலை செய்யாது என்பது உண்மை, அது மருந்தே இல்லை என்று திரிந்துவிட்டது. வேகமாகப் பிரியும் செல்லைக் கீமோ நன்றாகத் தாக்கும் என்பதால் டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிகள் பல, ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் கீமோவிலேயே தடயமில்லாமல் கரைந்துவிடுகின்றன. பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்தைக் கீமோவோடு சேர்த்துப் பார்த்த ஆய்வின் முதல் முடிவில், கட்டி முழுதாகக் கரைந்தவர்கள் 64.8 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 51.2 சதவீதம். அப்படிக் கரைந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகவும் குறைவு. கரையாமல் மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் இந்த வகையின் கடுமை தெரிகிறது, அவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் சிகிச்சை தொடரும்.

இங்கேதான் மறுபடியும் மேற்பரப்பு மார்க்கர்கள் வருகின்றன. பி.டி.-எல்1 என்பது, முன்னே சொன்னேனே, நோய் எதிர்ப்பு செல்லிடம் "விட்டுவிடு" என்று காட்டும் வகைப் புரதம். நோய் எதிர்ப்பு செல்லின் மேல் இருக்கும் பி.டி.-1 இதைத் தொட்டதும் அந்த செல் அடங்கிவிடும். பெம்ப்ரோலிசுமாப் பி.டி.-1-ஐ மூடி, அந்தத் தொடுதல் நடக்காமல் செய்கிறது. பரவிய நோயில் பி.டி.-எல்1 போதுமான அளவு இருந்தால்தான் இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள், ஆரம்ப நிலையில் அந்த அளவைப் பார்க்காமலே கொடுக்கிறார்கள், ஏனென்றால் அங்கே இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஒரே மார்க்கர், ஒரே மருந்து, ஆனால் ஒரு கட்டத்தில் அது கேள்வி, இன்னொரு கட்டத்தில் கேள்வியே இல்லை.

ட்ரோப்-2 இன்னொன்று. பெரும்பாலான டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளின் மேற்பரப்பில் இது நிறையவே இருக்கிறது. அதில் ஒட்டிக் கீமோவை உள்ளே கொண்டுபோகும் சாசிடுசுமாப் கோவிடெகான் 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று கேள்விக்கு இல்லை என்று சொன்ன செல்லின் சுவர் காலியாக இருந்ததில்லை, நாம் கேட்காத புரதங்கள் அதில் இருந்துகொண்டுதான் இருந்தன.

நோய் திரும்பும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரிப்பிள் நெகட்டிவில் திரும்பும் அபாயம் முதல் மூன்று வருடம் வாக்கில் உச்சத்துக்குப் போய், ஐந்து வருடத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். ஈ.ஆர். பாசிட்டிவில் அபாயம் ஆரம்பத்தில் குறைவு, ஆனால் இருபது வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும். எது நல்லது எது கெட்டது என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாததற்கு இதுவும் காரணம்.

சுருக்கமாக: டிரிப்பிள் நெகட்டிவ் ஒரே நோய் இல்லை, மூன்று ஏற்பிகள் இல்லாத பல நோய்களின் கூட்டுப் பெயர். பெரும்பாலும் வேகமானது, கீமோவுக்கும் நோய் எதிர்ப்பு மருந்துக்கும் மசியக்கூடியது.

சி.டி.44, சி.டி.24: ஆய்வகத்தில் முக்கியம், ரிப்போர்ட்டில் இல்லை

இணையத்தில் அதிகம் அடிபடும், ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் தேடினாலும் கிடைக்காத மார்க்கர்கள் இவை. 2003-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, மார்பகக் கட்டியின் செல்களை மேற்பரப்பு மார்க்கர்களை வைத்துப் பிரித்து, நோய் எதிர்ப்பு இல்லாத எலிகளுக்குள் செலுத்தியது. சி.டி.44 அதிகமாகவும் சி.டி.24 இல்லாமலோ குறைவாகவோ இருந்த செல்கள் வெறும் 100 போட்டாலே புதிய கட்டி முளைத்தது, மற்ற செல்களைப் பல்லாயிரக்கணக்கில் போட்டும் முளைக்கவில்லை. கட்டியில் இருக்கும் எல்லா செல்லுக்கும் ஒரே திறன் இல்லை, ஒரு சிறு கூட்டம்தான் மறுபடி முழுக் கட்டியை உண்டாக்க வல்லது என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. அந்தக் கூட்டத்துக்குப் புற்றுநோய் ஸ்டெம் செல் என்று பெயர் வந்தது.

சி.டி.44 செல்லைச் சுற்றியுள்ள ஹயலூரோனிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் புரதம், இடம் பெயர்வதற்கு அது உதவும். 2007-இல் கிளாடின் குறைவான வகை என்று இன்னொரு குழுவை அடையாளம் கண்டார்கள், அதில் பெரும்பாலானவை டிரிப்பிள் நெகட்டிவ். கிளாடின், ஈ-கேடெரின் ஆகியவை செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பவை, அந்தப் பொதுச்சுவர் மாதிரி. அவை குறையும்போது செல் அக்கம்பக்கத்திலிருந்து கழன்று நகரத் தோதாகிறது. இப்படிப்பட்ட செல்களிலும் சி.டி.44 அதிகம், சி.டி.24 குறைவு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை? சி.டி.44 வெள்ளை அணுக்களிலும் நல்ல திசுக்களிலும் தாராளமாக இருக்கிறது. அதோடு இந்த நிலை நிலையானது இல்லை, இன்றைக்கு சி.டி.24 இல்லாத செல் நாளைக்கு அதை வைத்துக்கொள்ளும், திரும்பவும் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தகவலை வைத்துச் சிகிச்சையை மாற்றும் வழி இன்றைக்கு நடைமுறையில் இல்லை. இது பெயர்ப்பலகை மட்டும்தான், அதுவும் அடிக்கடி மாற்றி மாட்டப்படும் பலகை. "ஸ்டெம் செல்லைக் குறிவைத்து அழிக்கும்" என்று சொல்லி யாராவது பொடியோ கேப்சூலோ விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர் வேறு

மார்க்கர் கூடியிருக்கிறது என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் அது சி.ஏ.15-3 என்ற ரத்தப் பரிசோதனையாக இருக்கும். இது எம்.யூ.சி.1 என்ற மேற்பரப்புப் புரதத்திலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும் துண்டு. கல்லீரல் தொந்தரவு போன்ற புற்றுநோய் அல்லாத காரணங்களாலும் கூடும், ஆரம்ப நிலைப் புற்றுநோயில் பல பேருக்குக் கூடவே கூடாது. அதனால் நோயைக் கண்டுபிடிக்க இது உதவாது. பரவிய நோயில் சிகிச்சை எப்படிப் போகிறது என்று ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பதற்குப் பயன்படுகிறது. துணைவகையோடு இதற்கு நேரடிச் சம்பந்தம் கிடையாது.

மார்க்கர் மாறலாம்

வருடங்கள் கழித்து நோய் வேறு உறுப்பில் திரும்பினால், முதலில் இருந்த ஏற்பி நிலையே இப்போதும் இருக்கும் என்று நிச்சயமில்லை. ஈ.ஆர். போய்விட்டிருக்கலாம், ஹெர்-2 0-வாக இருந்தது 1+ ஆகியிருக்கலாம். முடிந்தவரை புதிய இடத்திலிருந்து மறுபடி பயாப்சி எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். "ஏற்கெனவே ரிப்போர்ட் இருக்கிறதே, எதற்குத் திரும்பக் குத்துகிறார்கள்" என்று கோபப்பட வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டில் ஹெர்-2 பக்கத்தில் வெறும் "நெகட்டிவ்" என்று மட்டும் எழுதியிருந்தால், நோய் பரவியிருக்கும் நிலையில், அது 0-வா, 1+-ஆ, 2+ ஆகி ஃபிஷ்-இல் நெகட்டிவ் ஆனதா என்று ஆன்காலஜிஸ்டிடம் கேளுங்கள். அந்த எண் தெரியவில்லை என்றால் ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும் அதே மெழுகுத் துண்டிலிருந்தே இன்னொரு முறை சீவிப் பார்த்துச் சொல்ல முடியும்.